குசினிக்கும் ஒரு விடுமுறை



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் நுவரெலியாப் பேச்சு எழுவது வழக்கம். வாப்பா வேன் பேசுவார். பிள்ளைகள் குளிர்ச்சட்டை தேடுவார்கள். உம்மாவோ சாமான் பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவார். அரிசி, தேங்காய், கறித்தூள், பெரிய சட்டி, அகப்பை! வீட்டுக் குசினியை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வாடகை பங்களாவின் குசினியில் இறக்கி வைப்பதுதான் நம்மில் பலருக்குச் சுற்றுலா. உங்கள் அனுபவமும் இதுதானே?

என் ராத்தா மணமுடித்து 22 வருடங்களாகின்றன. அதற்குள் மூன்று தடவை நுவரெலியா போய் வந்தவர். "அங்கே என்ன பார்த்தீங்க ராத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். "அங்கே இறைச்சி அவிய ரொம்ப நேரம் எடுக்குது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது உண்மை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் எதுவும் அவியச் சுணங்கும். ஓய்வெடுக்கப் போன இடத்தில் பெண்கள் வீட்டில் நிற்பதைவிடக் கூடுதல் நேரம் அடுப்படியில் நிற்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

பின்னர் ஓர் ஆகஸ்ட் மாதத்தில், பன்னிரண்டு பேராக நாங்கள் போனபோது ஒரு ஏற்பாடு செய்தோம். காலையில் மட்டும் பங்களாவில் சாப்பாடு. பாண், முட்டை, தேத்தண்ணீர், அவ்வளவுதான். பகலுக்கும் இரவுக்கும் நகரிலுள்ள முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கோப்பை கழுவுவது இளைஞர்களின் பொறுப்பு. "கடைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு காசா?" என்று மாமி முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே மூன்று இரவுத் தங்கலை இரண்டாகக் குறைத்தோம். கணக்குச் சரியாயிற்று.

பங்களாவைக் கிரகரி வாவிக்கு நடந்து போகும் தூரத்தில் பார்த்து எடுத்தோம். இதை நீங்களும் கவனியுங்கள். தூரத்தில் எடுத்தால், நடக்க இயலாதவர்கள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரு பெண்ணும் நின்றுவிடுவாள். இந்த வாவி இயற்கையானதன்று. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் நீரைத் தேக்கி, 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் படகும் குதிரைச் சவாரியும் உண்டு. பெரியவர்களுக்குக் கரையோரப் பாதையே போதும். அன்று மாலை ராத்தா அந்தப் பாதையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

நகருக்குள் விக்டோரியா பூங்கா இருக்கிறது. 1897இல் விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவை ஒட்டி அப்பெயர் சூட்டப்பட்டது. குளிர்காலத்தில் காஷ்மீர்ப் பக்கமிருந்து வரும் ஈபிடிப்பான் போன்ற சிறு பறவைகளை இங்கே காணலாம். அருகிலேயே செங்கல்லில் கட்டிய பழைய தபாற் கந்தோர். நகரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் பீதுருதலாகலை, 2,524 மீற்றர் உயரத்துடன் நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகும்.

வயதானவர்களோடு போவோருக்கு நான் முதலில் சொல்வது ஹக்கலைப் பூங்காவைத்தான். பதுளை வீதியில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா தரும் சிங்கோனா மரத்தை நட்டுப் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கிய இடம் இது. இன்று ரோசாப் பூக்களுக்குப் பெயர் பெற்றிருக்கிறது. மாமி அங்கே ஒரு வாங்கில் அமர்ந்து, போவோர் வருவோரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைச் சாப்பாட்டுப் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

ஹோட்டன் சமவெளி பார்க்க வேண்டிய இடமே. ஆனால் உலக முடிவைச் சுற்றி வரும் நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல. பனிமூட்டம் மறைக்குமுன் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையிலேயே அங்கு நிற்க வேண்டும். இளையவர்கள் போகட்டும், மற்றவர்கள் அந்தக் காலைப் பொழுதை வாவிக்கரையில் கழிக்கலாம்.

இன்னும் சில விடயங்கள். ஏப்ரல் மாதம் மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும் காலம்; சனமும் கூட, வாடகையும் கூட. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் சில வேளை புல்தரையில் உறைபனி படியும். கைக்குழந்தை உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'தித்வா' சூறாவளியில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் கடுமையாகச் சேதமடைந்தன. ஆகவே புறப்படுமுன் பாதை நிலைமையை விசாரிப்பது அவசியம். மழை கடுமையாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். திரும்பும் வழியில் அங்கு விளையும் கரட், லீக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மக்களுக்கும் அது உதவியாகும்.

சகோதரிகளே, பயணத்தில் சமைப்பது தவறென்று நான் சொல்லவில்லை. விரும்பிச் சமைப்பவர் சமைக்கட்டும். ஆனால் வருடத்தில் 360 நாளும் அடுப்படியில் நிற்பவருக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுப்பது பெரிய செலவல்ல. நாம் வாய் திறந்து கேட்டாலன்றி அது கிடைக்காது. கேட்கத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து வீட்டு ஆண்களின் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.