சம்பளச் சீட்டின் ஆங்கிலம்

தமிழ்நாட்டில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் நூல்களும் வகுப்புகளும் பணி சார்ந்த சொற்களைப் பெரும்பாலும் நேர்முகத் தேர்வோடு நிறுத்திக்கொள்கின்றன. படிப்பையும் அனுபவத்தையும் எடுத்துரைக்கக் கற்றுத்தரும் அவை, வேலையில் சேர்ந்த பின் ஒருவரது ஊதியத்தையும் உரிமையையும் தீர்மானிக்கும் சொற்களின் பக்கம் அரிதாகவே செல்கின்றன. வேலை கேட்பதற்கான ஆங்கிலம் சில நிமிடங்களுக்கு உரியது. வேலையில் இருப்பதற்கான ஆங்கிலமோ பணி ஓய்வு வரை தேவைப்படுவது. பணி நியமன ஆணையும் சம்பளச் சீட்டும் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் ஆங்கிலத்திலேயே இருப்பதால், இந்த இரண்டாவது ஆங்கிலம் அறியாதவர், தாம் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பது தெரியாமலேயே கையெழுத்திட நேர்கிறது.

சம்பளச் சீட்டில் ஒரு பக்கம் வருவாயும் மறுபக்கம் பிடித்தமும் இருக்கும். பேசிக் எனப்படும் அடிப்படை ஊதியம், விலைவாசி உயர்வை ஈடுகட்டும் டி.ஏ. என்னும் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி முதலியவற்றின் கூட்டுத்தொகை கிராஸ். பி.எஃப். என்னும் வைப்புநிதி, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு போன்ற பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது நெட். சி.டி.சி. என்பது ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவாதலால், நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வைப்புநிதியும் அதில் அடங்கும். அதைச் சம்பளம் என்று எண்ணிச் சேர்பவர் முதல் மாதத்திலேயே ஏமாற்றம் அடைகிறார்.

இவற்றுள் அதிகம் கவனிக்க வேண்டியது பேசிக்தான். பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டிக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கின்படி, கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்க வேண்டியிருந்தது. மாதம் 40,000 ரூபாய் பெறும் இருவருள் ஒருவருக்கு அவ்விரண்டும் சேர்ந்து 26,000 ரூபாயாகவும், மற்றவருக்கு 13,000 ரூபாயாகவும் இருந்திருந்தால், அக்கணக்கில் பத்தாண்டுப் பணிக்கு முன்னவர் 1,50,000 ரூபாயும் பின்னவர் 75,000 ரூபாயும் பெற்றிருப்பர். ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியையும் ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு விதித்திருப்பது இந்த வேறுபாட்டைக் குறைக்க உதவக்கூடியது.

வேலை இழப்பைக் குறிக்கும் சொற்களில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப் என்பது, மூலப்பொருளோ மின்சாரமோ கிடைக்காமலோ இயந்திரம் பழுதுபட்டோ நிர்வாகத்தால் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலையைக் குறித்தது. அப்போது பணியுறவு அறுவதில்லை என்பதோடு, தகுதியுள்ள தொழிலாளர்க்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதி இழப்பீடாகக் கிடைத்தது. அமெரிக்க வழக்கிலோ அச்சொல் பெரும்பாலும் பணிநீக்கத்தையே குறிக்க, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வழியாக அப்பொருளே இங்கும் பரவியுள்ளது. இந்தியச் சட்டத்தில் பணிநீக்கமாகிய ஆட்குறைப்பு ரிட்ரெஞ்ச்மென்ட் எனப்படும். அதற்கு முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் உரியவை. தானாக விலகுவதாக எழுதிக் கொடுப்பது ரெசிக்னேஷன். நிர்வாகம் கேட்டுக்கொண்டதற்காக அக்கடிதத்தில் ஒப்பமிடுபவர், ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கோரும் வழியைத் தாமே அடைத்துக்கொள்ளக்கூடும்.

சட்டமும் நிர்வாகமும் ஆங்கிலத்தில் இயங்கிய 1918ஆம் ஆண்டில், சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தோன்றியபோது, திரு.வி.க. ஆலைத் தொழிலாளரிடம் அவர்களது நிலையைத் தமிழில் எடுத்துரைத்தார். உரிமையைப் புரியும் மொழியில் சொன்னால் தொழிலாளர் அதை உறுதியாகப் பற்றிக்கொள்வர் என்பதற்கு அச்சங்கத்தின் வரலாறு சான்று. ஆட்குறைப்பு, பணிக்கொடை, பிடித்தம் என்று தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொற்களை அடித்தளமாகக் கொண்டு, நியமன ஆணையையும் சம்பளச் சீட்டையும் பாடமாக வைத்து ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பே உழைப்பவருக்கு முழுமையாகப் பயன்படும். தம் ஊதியத்தைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கவும், புரியாத தாளில் ஒப்பமிட மறுக்கவும் ஒருவரை அதுவே ஆயத்தப்படுத்தும்.