ஒரே சொல்லுக்கு எத்தனை இடம்?

நிரல் எழுதும் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. மற்றவர்களும் படிக்கலாம், கடினமில்லை.

ஒரு நிரலில் "மயிலாப்பூர்" என்ற சொல்லைப் பத்து இடத்தில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். மயிலாப்பூருக்கு 11 குறியீடுகள், 33 பைட். சி மொழியில் முடிவைக் காட்டும் ஒரு பைட்டும் சேர்ந்தால் 34. பத்துப் பிரதி என்றால் 340! கம்பைலர் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, பத்து இடத்துக்கும் அதன் முகவரியைக் கொடுத்துவிடும். வடக்கு மாட வீதியில் கேட்டாலும் தெற்கு மாட வீதியில் கேட்டாலும் நாம் ஒரே கபாலி கோயில் குளத்தைத்தானே காட்டுகிறோம்?

பலருக்கும் பொதுவான சொல் என்பதால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. சி மொழியில் மாற்ற முயன்றால் நிரல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

இனிதான் கவனம் வேண்டும். ஜாவாவில் இரட்டைச் சமக்குறி (==) எழுத்துகளை ஒப்பிடாது; இரண்டும் ஒரே பிரதிதானா என்று மட்டும் பார்க்கும். நிரலுக்குள் எழுதிய இரண்டு "மயிலாப்பூர்" ஒன்றேதான் என்பது ஜாவாவின் விதி. ஆகவே 'ஆம்' என்று வரும். அதே சொல்லை ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பினால் அது நினைவகத்தில் வேறு இடத்தில் உட்காரும். 'இல்லை' என்று வரும். சி மொழியிலோ, பிரதிகளைச் சேர்ப்பதும் சேர்க்காததும் கம்பைலரின் விருப்பம். எனவே எழுத்துகளை ஒப்பிடும் ஈக்வல்ஸையே பயன்படுத்துங்கள்.

தமிழுக்கு அதுவும் போதாது. தி. நகரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில், முன்பே பதிவு செய்திருந்த என் அக்காவிடம் "உங்க பெயர் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். எழுபத்தெட்டு வயதில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றவர். பட்டியலைக் கண்ணால் பார்த்த தன்னார்வலர் ஒருவர்தான், "இதோ இருக்கே பாட்டி" என்றாராம்.

அக்காவின் பெயர் 'கோ'வில் தொடங்கும். அடையாறில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி அந்த நிரலைப் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னாள். யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடு, அல்லது ககரம், இரட்டைக் கொம்பு, துணைக்கால் என மூன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் "கோமதி" ஒரு விதத்தில் 15 பைட், மறு விதத்தில் 18. ஈக்வல்ஸ் இரண்டையும் வேறு வேறு என்றே சொல்லும். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தாள். விடுபட்ட பெயர்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

பிள்ளைகளே, பெயரை ஒப்பிடும் நிரல் எதுவானாலும் "கோமதி"யை இரண்டு விதமாகவும் கொடுத்துச் சோதியுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.