பிய்த்துத் தின்னும் ரொட்டி

நம் வீட்டுப் பலகாரங்களில் ஒரு விசித்திரம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? தோசையானாலும் சரி, பூரியானாலும் சரி, சூடாகத் தின்கிறவர்கள் ஒரு பக்கம். அடுப்பருகே நின்று வேகிறவர் இன்னொரு பக்கம். எல்லோருக்கும் வார்த்துப் போட்டுவிட்டு, கடைசித் தோசையோடு அவர் வந்து உட்காரும்போது பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இராது. சட்னிக் கிண்ணமும் காலி!

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் அந்த ஒருவர் என் மாமியார். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளை, ஆபீஸ் போகும் மருமகள், பேரக் குழந்தைகள் இருவர். "நீங்களும் உட்காருங்க, அத்தை" என்றால், "எனக்கென்ன அவசரம்? நீங்க சாப்பிடுங்க" என்பார். இந்தப் பதிலைச் சொல்லாத தாய்மார் தமிழ்நாட்டில் உண்டா?

இந்த வழக்கத்தைக் கலைக்க அமெரிக்காவிலிருந்து ஒரு குரங்கு வந்தது. பயப்படாதீர்கள்! 'மங்க்கி பிரெட்' என்று ஒரு தித்திப்பு ரொட்டி. சின்னச் சின்ன உருண்டைகளைச் சேர்த்து அடுக்கிச் சுட்டு, கத்தியே இல்லாமல் விரலால் பிய்த்துத் தின்பது. ஹங்கேரிக்காரர்களின் 'அரனி கலுஷ்கா' என்ற பலகாரத்துக்கு இது நெருங்கிய உறவு. 1980-களில் ஜனாதிபதி ரீகனின் மனைவி நான்ஸி, வெள்ளை மாளிகையிலேயே கிறிஸ்துமஸுக்கு இதைப் பரிமாறினாராம்.

அங்கே டப்பாவில் அடைத்த மாவு வாங்கிச் செய்கிறார்கள். நமக்குத்தான் தெருமுனை பேக்கரி இருக்கிறதே! காலையில் சொல்லி வைத்தால், பன்னுக்குப் பிசைந்த மாவில் அரைக் கிலோ நிறுத்துக் கொடுக்கிறார் எங்கள் கடைக்காரர்.

"பிசைஞ்ச மாவைக் காசு கொடுத்தா வாங்குவாங்க? நல்லாத்தான் இருக்குது குடித்தனம்!" என்றார் மாமியார்.

"இட்லி மாவே பாக்கெட்டில் வருதே, அத்தை."

"அதையும்தான் நான் ஒத்துக்கலையே!"

ஆனால் மாவுக்கு இந்தக் கௌரவமெல்லாம் கிடையாது. அதிலுள்ள ஈஸ்ட் உயிருள்ளது. யார் கை பிசைந்தது என்று அது விசாரிப்பதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் பொங்கிவிடும். காசிமேட்டுக் கடற்காற்றில் இரண்டுக்கும் பஞ்சமா?

செய்முறை சுலபம். மாவைப் பெரிய நெல்லிக்காய் அளவில் சுமார் 30 உருண்டைகளாக்குங்கள். ஒவ்வொன்றையும் உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, ஏலப்பொடி கலந்த நாட்டுச் சர்க்கரையில் புரட்டுங்கள். 75 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை போதும். இந்தப் பூச்சுதான் சூட்சுமம். உருண்டைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கட்டியாகாமல் தடுப்பது அதுவே. வெண்ணெய் தடவிய ஆழமான தட்டில் நெருக்காமல் அடுக்கி, மூடி, முக்கால் மணி நேரம் விடுங்கள். இரண்டு பங்காக உப்பியதும் அவனில் 180 டிகிரியில் அரை மணி. அவன் இல்லையா? கனமான பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பி, மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கி, உள்ளே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் தட்டை இறக்குங்கள். சிறு தீயில் முக்கால் மணி ஆகும். இறக்கி ஐந்து நிமிஷம் கழித்துக் கவிழ்க்க வேண்டும். குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். உருகிய சர்க்கரை கையைப் பதம் பார்த்துவிடும்.

முதல் தடவை கவிழ்த்தபோது வீடே ஏலக்காய் மணத்தது. மாமியார் வழக்கப்படி, "நீங்க சாப்பிடுங்க" என்றார். பிறகு அடுப்பைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. வார்க்க ஒன்றுமில்லை, திருப்ப ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

சர்க்கரை பாகாகி மினுமினுத்த ஓர உருண்டை அவர் கையோடு வந்துவிட்டது.

"பாட்டி! அது நான் பார்த்து வெச்சது!" என்று கத்தினான் பேரன்.

"பார்த்து வெச்சா ஆச்சா? கை முந்தினவங்களுது!" என்று வாயில் போட்டுக்கொண்டார். சூடு தாங்காமல் கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பலகாரத்தை அவர் ஆவி பறக்கத் தின்று நான் பார்த்தது அன்றுதான்.

பாக்கெட் மாவை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில், "பேக்கரியில சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிடுகிறார்.

கடை மாவில் கைமணம் இராது என்பார்கள். இல்லாமல் போகட்டுமே! கைமணத்துக்குரிய கைகள் நம்மோடு உட்கார்ந்து உண்பதும் ஒரு ருசிதான். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்?