படம் போடுறவரோட நோட்டு

வாரப் பத்திரிகை கையில கிடைச்சா, கதையைப் படிக்கிறதுக்கு முன்னாடி படத்தைத்தான் பார்ப்பேன். அதுலயும் கிராமத்துக் கதைன்னா ஒரு சோதனை வைப்பேன். நாத்து நடுற பொம்பளைங்க முன்னாடி நகர்ந்து போற மாதிரி படம் இருந்தா, போட்டவர் வயக்காட்டுல கால் வச்சதில்லைன்னு அர்த்தம். நடவு பின்னாடி நகர்ந்து போறது. நட்ட பயிரை மிதிச்சுக்கிட்டு யாராவது முன்னாடி போவாங்களா? இன்னொரு படத்துல கருக்கரிவாளுக்குப் பல்லு வெளிப்பக்கம் இருக்கும். இன்னொண்ணுல ஆளுங்க கதிர் அறுத்துக்கிட்டு இருப்பாங்க, அந்த வயலே பச்சைப் பசேல்னு இருக்கும். பார்த்துட்டு எங்க டீக்கடையில சிரிப்போம்.

இந்த மாதிரி எதுலயும் மாட்டாத ஒருத்தர் இருக்கார். எங்க ஊர்க்காரர். பத்தாவது வரைக்கும் எனக்கு ஒரே பெஞ்சு. முப்பது வருஷத்துக்கு மேல மெட்ராஸ்ல பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறார். எந்த ஆபீஸ்லயும் மாசச் சம்பளம் கிடையாது, படத்துக்கு இவ்வளவுன்னு கூலி. 'என் பேரைப் போட்டுத் தொலைக்காதடா'ன்னு சொல்லிட்டார், அதனால நண்பர்னே எழுதுறேன். வருஷா வருஷம் தை மாசம் சம்பா அறுப்புக்கு ஊருக்கு வருவார். இந்தத் தடவை பத்து நாள் தங்கினார்.

நானும் விடாம உக்கார வச்சுக் கேட்டேன். காரணம் இருக்கு. என் சின்னப் பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா. கும்பகோணம் ஓவியக் கல்லூரியிலதான் சேருவேன்னு நிக்கிறா. அவ அம்மாவுக்கு இதுல துளிகூட சம்மதம் இல்லை. "நர்சிங் சேர்த்தாலாவது கையில ஒரு தொழில் இருக்கும்"ங்கிறா. ரெண்டு பேருக்கும் நடுவுல நான். அந்தப் பொழைப்பு எப்படிப்பட்டதுன்னு தெரியாம எந்தப் பக்கம் பேசுறது?

நண்பர் ஒளிவு மறைவு இல்லாம சொன்னார். 1992-ல முதல் படம் வந்தப்போ கையில கிடைச்சது 75 ரூபாய். அப்போல்லாம் கதையை ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பாங்களாம். பாதி நேரம் அதுவும் இருக்காது. தொடர்கதை எழுதுறவர் அந்த வாரத்து அத்தியாயத்தை இன்னும் எழுதியே இருக்க மாட்டார். ஆசிரியர் குழுவிலேர்ந்து வாயாலயே சொல்லுவாங்களாம்: "ஒரு பொண்ணு, கிணத்தடி, சாயங்கால நேரம், முகத்துல கோபம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வேணும்." ராத்திரி உக்காந்து பென்சில்ல கோடு போட்டு, மேல இண்டியன் இங்க் தொட்டு, விடியற்காலம் காய வச்சு, அட்டைக்கு நடுவுல பத்திரமா வச்சு பஸ் ஏறிக் கொண்டு போய்க் குடுக்கணும். அங்கே போனா, விளம்பரம் ஒண்ணு வந்துடுச்சு, முழுப் பக்கம் அரைப் பக்கமாயிடுச்சும்பாங்க. நீளவாக்குல போட்டதைப் படுக்கைவாக்குல மாத்தணும். அங்கேயே ஒரு ஓரமா உக்காந்து இன்னொண்ணு போடுவாராம்.

படம் அச்சாகி வந்த பிறகுதான் பணம். கதை நின்னு போச்சுன்னா படத்துக்கும் காசு கிடையாது. ஒரு பத்திரிகை எட்டு மாசப் பாக்கியோட கதவைச் சாத்திட்டுப் போயிடுச்சாம். கேட்கக் கேட்க எனக்கு நெல் கொள்முதல் நிலையம்தான் ஞாபகம் வந்துச்சு. மூட்டையை அடுக்கி வச்சுட்டு, மழை வருமான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு, எப்போ எடை போடுவாங்கன்னு காத்துக் கிடக்கிறோமே, அதே கதைதான். "நமக்காவது எடை போட்டா ரசீது உண்டு"ன்னேன். "எனக்கும் வவுச்சர் உண்டு மாப்ள, அதை வச்சுப் பால் வாங்க முடியாது"ன்னார்.

சரி, நோட்டு விஷயத்துக்கு வர்றேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பிச்சேன்.

அவர் எங்க போனாலும் ஜோல்னாப் பையில ஒரு கோடு போடாத நோட்டு இருக்கும். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு. பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது, சாதாரண பால்பாயிண்ட் பேனா. அழிக்க முடியாதுங்கிற பயம் இருந்தாத்தான் கண்ணு நல்லாப் பார்க்குமாம். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வராண்டா, கல்யாணப் பந்தின்னு எங்க உக்காந்தாலும் ஒரு பக்கம் போட்டுடுவார். கீழே தேதியும் ஊரும். அவ்வளவுதான். அதை யாருக்கும் விக்கிறதில்லை, எந்தப் பத்திரிகையிலயும் அந்தப் பக்கம் அப்படியே வர்றதும் இல்லை. இதுவரைக்கும் இருநூறுக்கு மேல நோட்டு ஆயிடுச்சாம்.

எங்க வயல்ல அறுப்பு நடந்தப்போ வரப்புல உக்காந்து போட்டுக்கிட்டிருந்தார். நானும் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். மொதல்ல முகம் போடலை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரே ஒரு வளைஞ்ச கோடு, அது அந்த ஆளோட முதுகு. அடுத்து, உடம்போட பாரம் எந்தக் கால்ல நிக்குதுன்னு ஒரு கோடு. இந்த ரெண்டும் சரியா விழுந்தா ஆள் அசைஞ்சு போயிட்டாலும் பரவாயில்லை, மிச்சத்தை ஞாபகத்துல முடிச்சுடலாம்னார். முகத்தைக் கடைசியா ரெண்டு புள்ளியில முடிச்சுட்டார். ஆனா தூரத்துலேர்ந்து பார்த்தா அது எங்க தெரு அக்காதான்னு சட்டுனு தெரியுது. அவங்க இடுப்புல கையை ஊனி நிமிர்ற விதம் அப்படியே இருக்கு.

அப்புறம் என்னை வேலை வாங்கினார். துண்டைச் சுத்தி சும்மாடு கட்டுறதை நாலு தடவை செஞ்சு காட்டச் சொன்னார். துண்டோட முனை எங்கே செருகுது, கட்டு ஏறும்போது எந்தப் பக்கம் அமுங்குதுன்னு ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டார். "ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, தலையில கட்டோட ஒரு பொம்பளை வேணும்பாங்க. அப்போ உன்னை எங்கே போய்த் தேடுறது?"ன்னார். நாம விதைநெல்லைத் தனியா எடுத்து வைக்கிறோமே, பசிச்சாலும் அதுல கை வைக்கிறதில்லை. அவருக்கு இந்த நோட்டு அப்படி.

பழைய ஆளுங்களும் இப்படித்தான் இருந்திருக்காங்க. சில்பி, ஆனந்த விகடன்ல 'தென்னாட்டுச் செல்வங்கள்'னு கோயில் சிற்பங்களா போட்டாரே, அந்தந்தக் கோயிலுக்கே போய், சிலைக்கு முன்னாடி உக்காந்து வரைஞ்சது எல்லாம். பொன்னியின் செல்வன் கல்கியில 1950-லேர்ந்து 1954 வரைக்கும் வந்தப்போ வாராவாரம் படம் போட்டவர் மணியம். வந்தியத்தேவன்னு சொன்னா இன்னைக்கும் பாதிப் பேருக்கு மணியம் போட்ட முகம்தான் மனசுல வருது. அந்த மனுஷர் 44 வயசுல, 1968-ல போயிட்டார். தில்லானா மோகனாம்பாளுக்குப் படம் போட்ட கோபுலு நம்ம தஞ்சாவூர்க்காரர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில படிச்சவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தப்போ இடது கையால வரையப் பழகினார்.

என்னைக் கேட்டா எனக்குப் பிடிச்சது ஆதிமூலம்தான். துறையூர்ப் பக்கம் கீராம்பூர்க்காரர். ஜூனியர் விகடன்ல கி.ரா. எழுதின கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்ட கோட்டுப் படங்களைப் பாருங்க. கிறுக்கின மாதிரிதான் இருக்கும், ஆனா அந்தக் கிழவனோட கால் வெடிப்பு வரைக்கும் தெரியும். அழகா, வழவழன்னு போடுற கிராமத்துப் படங்களை விட எனக்கு அதுதான் நிஜமா படுது. பொண்ணு இதை ஒத்துக்க மாட்டா. அவளுக்கு இளையராஜா. இசை இளையராஜா இல்லை, ஓவியர். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துல பிறந்து, அதே கல்லூரியில படிச்சவர். அடுக்களை வெளிச்சத்துல நிக்கிற பொண்ணுங்களை போட்டோ மாதிரி வரைஞ்சவர். 2021 ஜூன்ல கொரோனாவுல போனப்போ ரெண்டு நாள் இவ சரியாவே சாப்பிடலை.

மூணாவது நாளோ நாலாவது நாளோ, நண்பர் பழைய நோட்டு ஒண்ணை எடுத்துக் காட்டினார். 1994 தை, எங்க ஊர். மாடு கட்டிப் போரடிக்கிறது, எங்க வீட்டுப் பத்தாயம், அதோட மூடி தனியா, மேழி, பூட்டாங்கயிறு முடிச்சு. இதுல ஒண்ணுகூட இப்போ ஊர்ல இல்லை. பத்தாயப் பலகையில நாங்க எப்பவோ பெஞ்சு செஞ்சுட்டோம். அடுத்த பக்கத்துல வைக்கோல் போர்ல சாய்ஞ்சு ஒருத்தர் தூங்குறார், முகத்து மேல துண்டு. ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி. கட்டை விரல் நகம் பாதி இல்லை. எங்க அப்பா. ஏர் பட்டு நகம் போனது அது. அப்பா போட்டோ எங்ககிட்ட ரெண்டுதான் இருக்கு, ரெண்டுலயும் ஸ்டுடியோக்காரன் சொன்னபடி விறைப்பா நிக்கிறார். நான் பேசாம பார்த்துக்கிட்டிருந்தேன். "கிழிச்சுத் தரவா மாப்ள?"ன்னார். வேணாம், உன் நோட்டுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டு, போன்ல ஒரு படம் மட்டும் எடுத்துக்கிட்டேன்.

இப்போ வருமானம் எப்படின்னு கேட்டா சிரிக்கிறார். 2020 ஊரடங்குல கல்கி அச்சுல வர்றது நின்னு இணையத்துக்குப் போச்சு. இருக்கிற இதழ்கள்லயும் கதைப் பக்கம் குறைஞ்சுடுச்சு. கம்ப்யூட்டர்கிட்ட வாயால சொன்னா படம் போட்டுக் குடுக்குது. அப்படி வந்த ஒரு படத்தை எங்ககிட்ட காட்டினார். நடவுப் படம். பொம்பளைங்க எல்லாம் முன்னாடி நடந்து போறாங்க, அதுல ஒருத்திக்கு ஒரு கையில ஆறு விரல். என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. அவர் சிரிக்கலை. "விரலை அடுத்த வருஷம் சரி பண்ணிடும் தங்கச்சி. முன்னாடி பின்னாடியை யாரும் கேட்கவும் மாட்டாங்க"ன்னார். இப்போ புத்தக அட்டை, பள்ளிக்கூடப் பாடப் படம், கல்யாணப் பத்திரிகைன்னு கிடைக்கிறதைச் செய்றார். டேப்லெட்ல வரையவும் பழகிட்டார். ஆனா நோட்டு மட்டும் இன்னும் பேனாதான்.

என் வீட்டுக்காரி நேராவே கேட்டுட்டா. "அண்ணே, இவளை இதுல விடலாமா, வேணாமா? உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா விடுவீங்களா?" அவர் ரொம்ப நேரம் பதில் சொல்லலை. அப்புறம் பொண்ணைக் கூப்பிட்டு, புதுசா ஒரு நூறு பக்க நோட்டைக் குடுத்தார். "பேனாவுலதான் போடணும். ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. போனைப் பார்த்துப் போடக் கூடாது. நூறு பக்கம் முடிச்சப்புறமும் நூத்தி ஒண்ணாவது பக்கம் போடணும்னு தோணுச்சுன்னா மாமாவுக்கு போன் பண்ணு"ன்னார். அம்மாகிட்ட, "விண்ணப்பம் குடுக்க இன்னும் நாள் இருக்கு, அதுவரைக்கும் சண்டை வேணாம்"னு சொல்லிட்டு பஸ் ஏறினார்.

இப்போ எழுபத்தி மூணாவது பக்கத்துல நிக்கிறா. முதல் இருபது பக்கம் மாடு எல்லாம் நாய் மாதிரிதான் இருந்துச்சு. நேத்து ராத்திரி பார்த்தேன். அவ அம்மா முறத்துல உளுந்து புடைக்கிறதைப் போட்டிருக்கா. முகமே இல்லை, முதுகும் ரெண்டு முழங்கையும்தான். அவ அம்மா அதை எடுத்துப் பார்த்துட்டு, "என் முதுகு இவ்வளவு வளைஞ்சா இருக்கு?"ன்னு என்னைக் கேட்டா.