கன்றுக்குச் சொன்ன சொல்

மைசூர் நகரப் பேருந்து நிறுத்தங்களில், இன்ன எண்ணுள்ள வண்டி இன்னும் இத்தனை நிமிஷத்தில் வரும் என்று அறிவிக்கும் மின்பலகைகளைக் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தார் 2012ஆம் ஆண்டில் நிறுவியபோது, வண்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி செயற்கைக்கோள்களின் துணையால் தன் இருப்பிடத்தை அறிந்து சொல்ல, அச்செய்தி நிமிஷக் கணக்காக மாறிப் பிரயாணிகளின் கண்முன் வந்து நிற்கும் அந்த விந்தையை, வண்டி ஏறவேண்டிய அவசியம் இல்லாத நாட்களிலும் நின்று பார்த்ததுண்டு. பலகை வந்ததனால் எந்த வண்டியும் முன்னைக் காட்டிலும் வேகமாக ஓடத் தொடங்கிவிடவில்லை. ஆயினும் காத்திருப்பின் தன்மையே மாறிப்போயிற்று. ஏழு நிமிஷம் என்று தெரிந்தவர் எதிர்க்கடைக்குப் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்; ஒன்றும் தெரியாதவர், சாலையின் வளைவிலே பார்வையைப் பதித்து, ஓரடி நகரவும் துணியாமல் நிற்கிறார்.

கைபேசிச் செயலிகள் எழுதுவதை ஜீவனமாகக் கொண்ட என் சகோதரியின் மகனிடம் இதைச் சொன்னபோது, தன் தொழிலில் பாதி இந்த ஒரு விஷயந்தான் என்றான். மருந்துக் கடைக்காரர்களுக்காக அவன் ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறான். வாடிக்கைக்காரர் மருந்துச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் அவகாசத்தில் திரையில் தோன்றும் குறியை அந்தந்தக் கடைக்காரரே தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளும்படி, வளையமா பட்டையா, நிறம் என்ன, கனம் என்ன, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், கீழே வரும் வாசகம் யாது, நடுவிலே நிறுத்திவிட ஒரு பொத்தான் வேண்டுமா என்று அத்தனையையும் தெரிந்தெடுக்க இடம் வைத்திருக்கிறான். இவ்வளவு சிறிய வளையத்துக்கு இத்தனை விவரமா என்று கேட்டேன். “அது சுத்தலேன்னா ஆப் செத்துப்போச்சுன்னு நெனச்சு மூடிட்டுப் போயிடுவாங்க மாமா” என்றான்.

குறிகள் இருவகை. எவ்வளவு முடிந்தது என்ற கணக்குத் தெரிந்த இடத்தில் இடமிருந்து வலமாக நிறைந்துவரும் பட்டை. கணக்குத் தெரியாத இடத்தில் ஆதியும் அந்தமும் இன்றிச் சுழலும் வளையம். நூற்றுக்கு எத்தனை பங்கு முடிந்தது என்று காட்டும் பட்டையை ஜனங்கள் விரும்புகிறார்கள் என்பதை, டொராண்டோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிராட் மையர்ஸ் என்பவர் பரீட்சை செய்து 1985இல் எழுதினார். ஒரு விநாடி வரையில் மனிதனுடைய சிந்தனை அறுபடாது என்றும், பத்து விநாடிக்கு மேற்பட்டால் கவனம் வேறிடம் போய்விடும் என்றும் இத்துறையினர் ஒரு பிரமாணம் வைத்திருக்கிறார்கள். கண் இமைக்கும் பொழுதில் முடியும் வேலைக்கு வளையத்தைக் காட்டினால் அது மின்னலைப் போல் தோன்றி மறைந்து கண்ணை உறுத்தும். ஆதலால் ஆண்ட்ராய்டில், அரை விநாடி பொறுத்திருந்து அதற்குள் வேலை முடியாவிட்டால் மட்டுமே தோன்றுவதும், தோன்றிவிட்டால் அரை விநாடியேனும் நின்றுவிட்டே மறைவதுமான ஒரு குறியை அமைத்து வைத்திருக்கிறார்கள். காத்திருப்பவரிடம் இத்தனை மரியாதை காட்டும் அந்தப் பொறுமையை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் வளையத்தைப் பற்றி அவன் சொன்ன ஒரு செய்தி என்னைச் சங்கடப்படுத்தியது. அது வேலையோடு கட்டுண்டதன்று. வளையத்தைச் சுழற்றுவது கையிலுள்ள கைபேசி; வேலை நடப்பதோ எங்கோ தொலைவிலுள்ள சர்வரில். அங்கே எல்லாம் ஸ்தம்பித்துப் போனாலும், இணைப்பு அறுந்தாலும், தடுத்துச் சொல்ல ஒருவர் எழுதி வைக்காவிட்டால், இங்கே வளையம் அதே உற்சாகத்தோடு சுழன்றுகொண்டே இருக்கும். பட்டையும் யோக்கியமாக இருக்கவேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை. வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எண்ணிக் காட்டாமல், கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தொண்ணூறு பங்கு வரை ஓடி, அங்கே நின்றுகொள்ளும் பட்டைகளும் உண்டாம். தன்னிடம் இல்லாத கணக்கை இருப்பதுபோல் காட்டுவது, காத்திருக்கிறவருடைய காலத்தைத் திருடுவதாகவே எனக்குப் படுகிறது.

இதற்கும், காத்திருப்பை இலேசாக்கும் யுக்திக்கும் வித்தியாசம் உண்டு. 2007இல் கிறிஸ் ஹாரிசன் முதலியோர் ஒரே நேரம் ஓடும் பட்டைகளை வெவ்வேறு நடையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முடிவை நெருங்கும்போது தயங்கி நிற்பவை நீண்டதாகவும், முடிவிலே வேகம் கொள்பவை குறுகியதாகவும் ஜனங்களுக்குத் தோன்றின. சாமுண்டி மலையின் ஏறக்குறைய ஆயிரம் படிகளில் எழுநூறு படிகளுக்கு அப்பால் பெரிய நந்தி வீற்றிருப்பதையும், அதன் நிழலில் மூச்சு வாங்கி நின்றபின் மிச்சப் படிகளில் ஜனங்கள் பேசிச் சிரித்துக்கொண்டு ஏறுவதையும் கண்டவர்களுக்கு இம்முடிவு புதியதாக இராது. நந்தி யாரையும் ஏமாற்றவில்லை. அதற்குமேல் உள்ள படிகள் மெய்யாகவே குறைவுதான்.

காலக் கணக்கு பொய்க்காதபடி காக்கும் எண்ணம் மிகப் பழையது. இதே மைசூரில், 1891இல் தோன்றிய கீழ்த்திசை நூல் நிலையத்தில், தஞ்சைப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த லிபி ஏட்டை ஷாமசாஸ்திரியார் 1905இல் படித்து, பல நூற்றாண்டுகளாக மறைந்துபோயிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதுவே என்று கண்டு, 1909இல் அச்சேற்றினார். நாலு மாஷப் பொன்னை நாலு அங்குல நீளக் கம்பியாக இழுத்து, அக்கம்பியின் கனத்துக்குக் குடத்திலே துளையிட்டு, அதன் வழியே ஓர் ஆடகம் தண்ணீர் ஒழுகும் காலம் ஒரு நாழிகை என்று அந்நூல் விதிக்கிறது. துளையின் அளவைச் சொல்லிவிட்டால் போதாது, யாரும் கூட்டவும் குறைக்கவும் முடியாதபடி அதைப் பொன்னின் எடையோடு பிணைத்துவிடவேண்டும் என்று நினைத்த அந்த நிர்வாக புத்தியை எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அத்தகைய நீர்க்கலம் ஒன்று பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலும் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய நூற்று மூன்று அடிகள் கொண்ட அச்சிறு பாட்டு முழுவதும் காத்திருப்பைப் பற்றியதே. கார்காலம் தொடங்கிவிட்டது, போருக்குச் சென்ற அரசன் இன்னும் திரும்பவில்லை, அரண்மனையில் அரசி தனித்திருக்கிறாள். முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவித் தொழுது நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அப்போது, குளிரால் தோள்களின்மீது கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடைப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் இளங்கன்றைப் பார்த்து, கோவலர் பின்னின்று ஓட்டிவர உன் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். அச்சொல்லையே நிமித்தமாகக் கொண்டுவந்து, உன் தலைவனும் வருவான் என்று அரசிக்கு உரைக்கிறார்கள். பாசறையிலோ நிலைமை வேறு. அங்கே நாழிகைக் கணக்கர் நீர்க்கலத்தைப் பார்த்து, கழிந்த நாழிகை இத்தனை என்று அரசனை வாழ்த்திச் சொல்கிறார்கள்.

எத்தனை முறை படித்தாலும், ஒரே பாட்டுக்குள் இவ்விரண்டையும் வைத்த அந்தக் கவியின் உள்ளம் என்னை விட்டு அகலுவதில்லை. போர்க்களத்து அரசனுக்குத் துல்லியமான கணக்குக் கிடைக்கிறது; வீட்டிலிருப்பவளுக்கு எண்ணில்லாத ஒரு சொல்தான் கிடைக்கிறது. கணக்குக் கிடைத்தவனும் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் இறந்துபட்ட வீரர்களையும் நினைத்து விழித்திருக்கிறான். சொல் கிடைத்தவளும் தேறிவிடவில்லை. பாவை விளக்கு எரியும் மாளிகையில் மழைநீர் சொரியும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நடுங்கிக் கிடக்கிறாள். ஆனாலும் இடைப்பெண் பொய் சொன்னவள் அல்லள். எத்தனை நாழிகையில் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல அவளுக்குத் தெரியவும் தெரியாது. மாடுகள் பொழுது சாய்ந்தால் வீடு திரும்பும் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்த அந்த அளவுக்குமேல் ஒரு வார்த்தையும் அவள் கூட்டிச் சொல்லவில்லை.

இதையெல்லாம் மருமகனிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். நிறமும் கனமும் வேகமும் கடைக்காரர் இஷ்டம் என்று விட்டுவிட்டு, மூன்று காரியங்களை மட்டும் எவரும் மாற்ற முடியாதபடி நிலைப்படுத்திவிட்டான்: படம் போய்ச் சேர்ந்த அளவு உண்மையாகவே தெரியும்போது மட்டும் பட்டை; பத்து விநாடி கடந்தால் வளையத்தின் கீழே நடப்பது இன்னதென்று ஒரு வாசகம்; அரை நிமிஷம் பதில் வராவிட்டால் சுழற்சியை நிறுத்தி, இணைப்பு இல்லை என்று சொல்லிவிடுவது. தமிழ் வாசகங்களை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தான். மருந்துச் சீட்டு கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது முதல் வாசகம். கடைக்காரர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இரண்டாவதை எழுதினேன். அவர் பார்க்கிறாரா, இல்லையா என்பது செயலிக்குத் தெரியாது என்று அவன் சுட்டிக்காட்டியதும், அதை அடித்துவிட்டுச் சீட்டு கடைக்கு வந்துசேர்ந்தது என்று மாற்றினோம். கடைக்காரர் சீட்டைத் திறந்த அக்கணமே செய்தி திரும்பி வரும்படி செய்துவிட்டால் நான் முதலில் எழுதியதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அதற்கு வேண்டிய நிரலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.