செம்பவாங் வெந்நீரும் அத்தையின் படையும்

சிங்கப்பூர் என்றதும் நம் தோட்டத்து மக்களுக்குத் தேக்கா கடைத்தெருவும் வீரமாகாளியம்மன் கோயிலும்தான் கண்முன் வந்து நிற்கும். என் அத்தைக்கோ செம்பவாங் வெந்நீர் ஊற்று. "அங்க போயி நாலு வாளி ஊத்திக்கிட்டா இந்தப் படை போயிடும் தம்பி" என்று ஓராண்டாக என்னை நச்சரித்து வந்தார். பால்மரம் சீவிக் காலத்தைக் கழித்தவர். இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. மலாய்க்காரர்கள் குராப் என்பார்களே, அதுதான். இராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு. பள்ளி விடுமுறை வந்ததும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஜொகூர் பாலம் தாண்டி, உட்லண்ட்ஸில் எம்.ஆர்.டி. ஏறினால் மூன்றாவது நிலையம் கென்பரா. அங்கிருந்து நடந்தே போய்விடலாம். நீங்கள் போனால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு வெந்நீரில் கால் வைக்க யாருக்கு மனம் வரும்?

இந்த ஊற்று 1909-இல் சியா எங் கியோங் என்ற சீன வணிகரின் நிலத்தில் கண்டறியப்பட்டது. 1920-களில் ஃப்ரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தார் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். ஜப்பான்காரன் காலத்தில் குளியலறைகள் கட்டினார்கள். சுற்றியிருந்த கம்பத்துக்கே ஆயர் பானாஸ் என்றுதான் பெயர். பின்னர் நிலம் இராணுவத்தின் கைக்குப் போனது. ஊற்றை மூடிவிடாதீர்கள் என்று மக்கள் கேட்டதால் 2002-இல் திறந்துவிட்டார்கள். அப்போது சில குழாய்களும் பிளாஸ்டிக் வாளிகளும்தான். 2020 ஜனவரியில் அழகான பூங்காவாக மறுபடியும் திறந்தார்கள்.

தண்ணீர் 70 பாகை சூட்டில் வெளிவருகிறது. படிப்படியாக வழிந்து இறங்கி, கால் நனைக்கும் தொட்டிக்கு வரும்போது 40 பாகை அளவுக்கு ஆறிவிடுகிறது. சீனக் கிழவர்களும் மலாய்ப் பாட்டிமார்களும் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தை ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்து இடுப்பில் துணியால் ஒற்றிக்கொண்டார். "எரியுது, ஆனா சுகமா இருக்கு" என்றார். திரும்பி வந்த மூன்றாம் நாள் அரிப்பும் திரும்பி வந்தது.

காரணம் இதுதான். படர்தாமரை ஒரு பூஞ்சணம். தோலின் மேல்படலத்தைத் தின்று வாழ்வது. அதைக் கொல்லும் அளவு சூடான நீர் தோலையும் வேகவைத்துவிடும். தோல் தாங்கும் சூட்டில் பூஞ்சணம் சாகாது. ஈரம் அதற்குக் கொண்டாட்டம். ரப்பர் சப்பாத்து போட்டு வேலை செய்பவர்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதும் அதனால்தான். நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமலே வெந்துவிடும். தொட்டியில் கால் வைக்கும் முன் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

எனக்கு அப்போதுதான் நம் லயத்துச் சாக்கடை ஓரச் செடி நினைவுக்கு வந்தது. மெழுகுவத்தி போல் மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்குமே, சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள், மலாயில் கெலெங்காங். பிலிப்பீன்ஸ் நாட்டில் சுகாதாரத் துறையே அங்கீகரித்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. பூஞ்சணத்தை அடக்கும் சத்து இலையில் உண்டு. புது இலையைக் கசக்கி, சாற்றைத் தேமலிலும் படையிலும் பூசும் நம் பாட்டிகள் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை. ஆனால் குடித்துவிடாதீர்கள், பேதியாகும். தடவிய இடம் சிவந்தாலும் நிறுத்திவிடுங்கள். பச்சைப் பூண்டு அரைத்துக் கட்டுவது வேறு கதை. தோல் வெந்து கொப்பளித்ததை என் மாணவன் ஒருவன் காலில் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு இலைச்சாறு போதவில்லை. ஏனென்று கிளினிக்கில் டாக்டர் கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. டவுனில் ஒரு கடையில் வாங்கிய களிம்பை அத்தை மாதக்கணக்கில் தடவியிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சணம் தோட்டம் போடும். இந்தியாவில் அண்மைக் காலமாகப் படர்தாமரை அடங்காமல் பரவுவதற்கு இப்படிப்பட்ட களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி, குளோட்ரிமசோல் களிம்பு கொடுத்தார். குளித்து, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு காலையும் மாலையும் பூச வேண்டும். திட்டின் விளிம்பைத் தாண்டியும் பூச வேண்டும். மறைந்துவிட்டதே என்று விடாமல், மேலும் இரண்டு வாரம். துண்டையும் பாவாடையையும் மற்றவர்களோடு சேர்க்காமல் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். அத்தை முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பிள்ளைகளுக்குத் தலையில் படை வந்து முடி கொட்டினாலோ, நகத்தில் வந்தாலோ களிம்பும் இலையும் போதாது. உள்ளுக்கு மாத்திரை வேண்டியிருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு வாரத்தில் இடுப்பு சுத்தமாகிவிட்டது. அத்தையோ ஊற்றுத் தண்ணீரால்தான் போனது என்று லயம் முழுவதும் சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த விடுமுறைக்கும் கூட்டிப்போகச் சொல்கிறார். இந்த முறை முழங்கால் வலிக்காம். அவித்துத் தின்ன முட்டையும் கொண்டுவரப் போகிறாராம்.