யோகோசுனா கார்டு

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு டிரம்ப் கார்டு ஞாபகம் இருக்கும். சீட்டுக்கட்டு மாதிரிதான். ஆனால், ராஜா ராணிக்குப் பதிலாக ஜட்டி போட்ட பயில்வான்கள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு டபிள்யூ.டபிள்யூ.எஃப். வீரரின் படம். கீழே அவருடைய உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை போட்டார், எத்தனை ஜெயித்தார் என்று ஒரு ஜாதகம். கையில் இருக்கும் மேல் கார்டைப் பார்த்துவிட்டு, ‘வெயிட்!’ என்று கத்த வேண்டும். எதிராளியின் ஆள் உங்கள் ஆளைவிட ஒல்லி என்றால், அந்தக் கார்டு உங்களுக்கு.

1993-ல் நான் ஆறாங்கிளாஸ். அயனாவரத்தில் எங்கள் தெருப் பையன்கள் மொத்தப் பேரும் மொட்டை மாடியில் இதே வேலையாக இருப்போம். எங்கள் கட்டில், ‘வெயிட்’ சொல்லிப் போட்டால் யாராலும் அடிக்க முடியாத கார்டு ஒன்று உண்டு. யோகோசுனா. ஐந்நூறு பவுண்டுக்கு மேல். அதாவது, கிட்டத்தட்ட 230 கிலோ!

என் பட்டப்பெயரும் அதுதான். கிளாஸிலேயே குண்டான பையன் நான். “டேய் யோகோ, கொஞ்சம் தள்ளி உக்காருடா, பெஞ்சு சாயுது!” என்பார்கள். சிரித்துக்கொள்வேன். குண்டுப் பையன்கள் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை, தன்னைப் பற்றிய ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பது. நீங்கள் அப்படி ஒரு பையனாக இருந்திருந்தால், நான் சொல்வது புரியும். எடை அதிகமாக இருந்தால் ஜெயிக்கலாம் என்று ஒரு இடம் என் வாழ்க்கையில் இருந்தது என்றால், அது அந்தக் கார்டு விளையாட்டு மட்டும்தான்.

ஸ்டார் டி.வி. வந்த புதிது. தெருவில் ஒரு வீட்டில் மட்டும் கேபிள் கனெக்‌ஷன். அந்த வீட்டு மாமி தரும் முறுக்கைக் கடித்துக்கொண்டு, சொலிடேர் டி.வி. முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருப்போம். ஹல்க் ஹோகன் பனியனைக் கிழித்தால் நாங்களும் கிழிப்போம். (வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை.) 1994 ஜனவரியில் அண்டர்டேக்கரை யோகோசுனா சவப்பெட்டியில் போட்டு மூடினார். தனியாக அல்ல, பல பேர் உதவியோடு. அண்டர்டேக்கர் செத்தே போய்விட்டார், அவருக்கு ஏழு உயிர், இன்னும் ஆறு பாக்கி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தபோது, ‘பாத்தியா, நான் சொன்னேன்ல!’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட பையன்களில் நானும் ஒருவன்.

இதெல்லாம் நடிப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. நடிப்பைக் கலைக்காமல் காப்பாற்றுவதற்கு அவர்கள் தொழிலில் ஒரு வார்த்தையே உண்டு. ‘கேஃபேப்’. ரிங்குக்குள் விரோதி என்றால், வெளியே டீக்கடையிலும் விரோதியாகவே இருக்க வேண்டும். 1987-ல் ஹாக்ஸா ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் ஒரே காரில் போனபோது போலீஸ் நிறுத்தியது. விஷயம் பேப்பரில் வந்துவிட்டது. ரிங்கில் ஜென்ம விரோதிகளான இரண்டு பேர் ஒரே காரிலா! கம்பெனிக்கு அதுவே பெரிய தலைக்குனிவு. இரண்டு பேருக்கும் வேலை போனது.

எதற்கு இந்தப் பழங்கதை என்கிறீர்களா? சென்ற வருடம் நானும் ஆறு மாதம் கேஃபேப் நடத்தினேன். அதைச் சொல்லத்தான்.

2025 ஏப்ரலில் என் எடை 112 கிலோ. உயரம் 5 அடி 7 அங்குலம். சர்க்கரை எல்லைக்கோட்டில். பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாகியிருந்தது. பேலியோ, கொள்ளு, ஓட்ஸ், வெந்நீரில் எலுமிச்சம்பழம், ஜிம்மில் ஒரு வருட சந்தா (போனது பதினோரு நாள்) எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆறு கிலோ குறையும், எட்டு கிலோ ஏறும். வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் ஒரே வங்கி என் உடம்புதான்.

டாக்டர் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். டிர்ஸெபடைட். வாரத்துக்கு ஒரு தடவை, வயிற்றுத் தோலில், நாமே போட்டுக்கொள்வது. அந்த மார்ச்சில்தான் இந்தியாவுக்கு வந்திருந்தது. ஆரம்ப டோஸான 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். மாதத்துக்கு நாலு. பதினாலாயிரம்! என் முதல் மாதச் சம்பளம் அதில் பாதிகூடக் கிடையாது.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. ‘போதும்ப்பா, இலையை மூடு’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இயற்கையாகச் சுரப்பது சில நிமிடங்களில் கரைந்துவிடும். இந்த மருந்து அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் உடம்பில் தங்குகிறது. கூடவே ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேஷமும். இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. பசி அடங்குகிறது. இந்த வகை மருந்துகளில் முதலாவதாக 2005-ல் வந்தது, கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த ஒரு பொருளிலிருந்து பிறந்ததாம். பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டுகிற ஜனங்கள் நாம்!

முதல் ஊசி போட்ட மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. ஆபீஸில் நாலு மணிக்கு மசால்வடை வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால், அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? என் மண்டைக்குள் சின்ன வயசிலிருந்து ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன சாப்பிடலாம், அந்தப் பாக்கெட்டில் மிச்சம் இருக்கிறதா, யாரும் பார்க்காதபோது இன்னும் ஒன்று எடுக்கலாமா... இடைவிடாத ஒலிபரப்பு. அன்றைக்கு யாரோ அதன் குமிழைத் திருகி வால்யூமைக் குறைத்துவிட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. ஒல்லியாக இருக்கிற பல பேர் மகா மன உறுதிக்காரர்கள் இல்லை. அவர்கள் வீட்டு ரேடியோ பிறவியிலேயே சன்னமாகப் பாடுகிறது, அவ்வளவே.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு மாதம் குமட்டல். மலச்சிக்கல். ஏப்பம் விட்டால் அழுகின முட்டை வாசனை. ஒரு கல்யாணப் பந்தியில் ஒன்றரை இட்லியோடு எழுந்தபோது, “சமையல் பிடிக்கலியா சார்?” என்று சமையல்காரர் வருத்தப்பட்டார். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால், முட்டையும் பயறும் சாப்பிட்டு, வெயிட் தூக்கவும் சொன்னார் டாக்டர். எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. 108. 104. 101.

கேள்விகள் ஆரம்பித்தன. “எப்படி சார் இளைச்சீங்க?”

“வாக்கிங் சார். காலைல கொள்ளுக் கஞ்சி. நைட்டு சோறு கட்!”

பச்சைப் பொய் இல்லை. வாக்கிங் போனேன்தான். ஆனால், ஃப்ரிட்ஜில் மோர் மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த குப்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. ‘ஊசி போட்டு இளைச்சான்’ என்றால் அது கள்ள ஆட்டம். ‘நடந்து இளைச்சான்’ என்றால் அது சாதனை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. நாற்பது வருடம் சிரிப்புக்கு ஆளான உடம்பு முதல்முறையாகப் பாராட்டு வாங்கும்போது, ‘இது மருந்துங்க’ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் மனைவி மட்டும் சொன்னாள்: “ஏங்க, இதுல வெக்கப்பட என்ன இருக்கு? உங்கம்மா இன்சுலின் போட்டுக்கிட்டப்ப மன உறுதி இல்லேன்னா சொன்னீங்க?”

பதில் இல்லை என்னிடம். பேச்சை மாற்றினேன்.

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா பையனுக்கு வயது 24. சாஃப்ட்வேர் கம்பெனி. என் ஜாடை, என் உடம்பு. அதிரசத் தட்டு வந்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது.

“ரெண்டு மாசமா நீங்க சொன்ன மாதிரியே செய்யறேன் மாமா. கொள்ளுக் கஞ்சி, நைட்டு சோறு கிடையாது, பத்தாயிரம் ஸ்டெப்ஸ். மூணு கிலோ குறைஞ்சுது. இப்போ நாலு கிலோ ஏறிடுச்சு. உங்க வயசுல உங்களால முடியுது. எனக்கு மன உறுதியே இல்ல மாமா. நான் ஒரு வேஸ்ட்டு.”

ஊரெல்லாம் வெடிச் சத்தம். எனக்கு அது எதுவும் கேட்கவில்லை.

ஹல்க் ஹோகன் ஞாபகம் வந்தார். நன்றாக உடற்பயிற்சி செய்யுங்கள், பிரார்த்தனை செய்யுங்கள், விட்டமின் சாப்பிடுங்கள் என்று உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் உபதேசம் செய்தவர். 1991-ல் அமெரிக்க டி.வி. பேட்டி ஒன்றில், ஸ்டீராய்டெல்லாம் பெரிதாகக் கிடையாது, காயத்துக்காக ஏதோ கொஞ்சம் என்று மழுப்பினார். 1994 ஜூலையில் நியூயார்க் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, பல வருடங்களாகப் போட்டுக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். அவர் மருந்து வேறு, என் மருந்து வேறு. என்னுடையது டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஆனால், விட்டமினை நம்பி, ‘நமக்கு மட்டும் ஏன் அந்தக் கை வரவில்லை?’ என்று கண்ணாடி முன்னால் நின்ற பையன்கள் எத்தனை பேரோ? அந்தக் கணக்கில் நான் செய்ததும் அதேதான்.

சொல்லிவிட்டேன். ஊசி, விலை, குமட்டல், மோர் மிளகாய் டப்பா... எல்லாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். சின்ன வயதில் அவனுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். கதைகளைச் சொல்லி வளர்த்தவன் நான். மெதுவாகக் கேட்டான். “அப்ப... நீங்களும் ஹல்க் ஹோகன்தானா மாமா?”

“ஆமாண்டா.”

அடுத்த வாரம் அவனை என் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் எல்லாம் டெஸ்ட் எடுத்தார்கள். அவனுக்கு மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை அவனும் டாக்டரும் முடிவு செய்வார்கள். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். இதைப் படித்துவிட்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் நிற்காதீர்கள். கணையம், பித்தப்பைத் தொந்தரவு சிலருக்கு வரலாம். குடும்பத்தில் ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடவே கூடாது. இதே ரகத்தைச் சேர்ந்த செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைக் கவனித்த ஓர் ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. பிரஷர் மாத்திரை மாதிரி இதுவும் நெடுங்கால உறவு. பர்ஸ் தாங்குமா என்றும் யோசிக்க வேண்டும்.

யோகோசுனா என்ன ஆனார் என்று கேட்கவில்லையே? ஜப்பானிய சுமோ வீரர் என்று டி.வி.யில் சொன்னார்கள். நிஜத்தில் அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவா வம்சாவளி அமெரிக்கர். எடையைக் காட்டித்தான் கம்பெனி டிக்கெட் விற்றது. எடை மேலும் ஏறியதும் ‘குறை’ என்றது. அவரால் முடியவில்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள். 2000 அக்டோபர் 23, இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில் இறந்துகிடந்தார். வயது 34. ஆறாங்கிளாஸில் என்னை ஜெயிக்கவைத்த மனிதருக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ரேடியோ எவ்வளவு சத்தமாக ஓடியதோ, யார் கண்டது?

தீபாவளி அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்ததும், அக்கா பையன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெயிட் மிஷினை இழுத்துப் போட்டான். முதலில் நான் ஏறினேன். 98. அடுத்து அவன். 101.

“வெயிட்!” என்று கத்தினான். “மாமா, கார்டு எனக்கு!”

சிரித்தோம். தன்னைப் பற்றிய ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற அந்தப் பழைய சிரிப்பு இல்லை அது.

அக்கா அதிரசத் தட்டை நீட்டினாள். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.